ஓடை ஓரம் மட்டும்

மருந்து அடித்த மறுநாள் காலையும் லாலான் புல் பச்சையாகவே நின்றது.

உடையப்பன் பல் துலக்காமல் வந்து பார்த்தான். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தான். வாடை எதுவும் இல்லை. இலை நுனியில் பனி நின்றது.

"செத்துருச்சா?" பின்னால் மங்களம் கேட்டாள். அவன் மனைவி. கையில் பால் வாளி.

"இல்ல."

"எப்ப சாவும்?"

"தெரியல."

அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டு போனாள். ஈப்போவுக்குப் போகும் முதல் பஸ்ஸில் பால் போக வேண்டும்.

தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வாங்கினார்கள். ரப்பர் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். வேறு இடம் கிடைக்காத சில குடும்பங்கள் மட்டும் லயத்து வரிசை வீடுகளில் இருந்தன. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு சீன முதலாளி வோங் தவுக்கேயுடையது. அதை ஒட்டி அவருக்கு ஒரு பம்பளிமாஸ் தோப்பு. மரம் வெட்டிய நிலம் வெயிலைப் பார்த்ததும் லாலான் வந்தது. முதலில் ஓரத்தில். பிறகு எல்லா இடத்திலும். இடுப்பளவு.

முற்றிய லாலானை மாடு தின்பதில்லை. மங்களத்துக்கு ஆறு மாடுகள். தோட்டத்து வேலை போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அவற்றால்தான். உடையப்பனுக்குக் கல்லுமலையில் கல் உடைக்கும் வேலை, கூப்பிட்டால் உண்டு. கூப்பிடாவிட்டால் இல்லை.

வோங் தவுக்கே தீபாவளிக்கு முன்பு வந்து சொன்னார். மலாயில்தான் சொன்னார். மாடு மேயட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. லாலான் இருக்கக் கூடாது. அதன் வேர் என் தோப்புக்குள் வருகிறது. சீனப் பெருநாளுக்குள் அழித்துவிடு. இல்லாவிட்டால் வேலி போட்டு, டிராக்டர் விட்டு, மரவள்ளி நட்டுவிடுவேன்.

வேலி போட்டால் மாடுகள் சாலையோரம்தான் மேய வேண்டும். சாலையோரத்தில் கவுன்சில் லாரி வரும். கயிற்றோடு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

உடையப்பன் சரி என்று சொல்லிவிட்டான். யோசிக்கவே இல்லை. லாலானுக்கு மருந்து அடிப்பதுதான் தோட்டத்தில் அவன் வேலை. பதினேழு வயதில் மருந்துப் பம்பை முதுகில் மாட்டியவன்.

*

முத்து முகம்மதுவின் கடை தம்புன் ரோட்டில் இருந்தது. மாட்டுத் தவிடு, கயிறு, மண்ணெண்ணெய், உரம், மருந்து எல்லாம் அங்கே கிடைக்கும். உடையப்பன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனான்.

"பாய், உங்க மருந்து வேலை செய்யல."

"எப்ப அடிச்சீங்க?"

"நேத்து."

முத்து முகம்மது சிரித்தார். "நேத்து அடிச்சிட்டு இன்னைக்குச் சண்டைக்கு வந்துட்டீங்களே. கல்யாணமாகி மறுநாளே புள்ள எங்கேன்னு கேப்பீங்க போல."

"பாராகுவாட்டுன்னா சாயங்காலமே வாடிரும்."

"இது அது இல்ல அண்ணே. அது இலையைக் கருக்கும், அவ்வளவுதான். இது இலை வழியா உள்ள எறங்கி வேரைப் புடிக்கும். அடிச்சிட்டுக் கை வைக்கக் கூடாது. வெட்டக் கூடாது. மாட்ட விடக் கூடாது. சும்மா விட்டுரணும்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு வாரம்னான் மருந்து கொண்டாந்த வேன்காரன். மூணுன்னும் சொன்னான்."

"ரெண்டா மூணா?"

"நான் விக்கிற ஆளு லா. நானா அடிச்சுப் பாத்தேன்?"

உடையப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

தோட்டத்தில் இப்படி இல்லை. காலையில் மருந்து அடித்தால் மாலையில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து பார்ப்பார். இலை வாடியிருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. பச்சையாக நின்றால் அரைப் பேர்தான் போடுவார். தண்ணீரை அதிகம் கலந்தாயா, மரத்தடியில் தூங்கினாயா என்று கேட்பார். மறுநாள் எல்லாம் கருகிச் சிவந்திருக்கும். நாலைந்து வாரத்தில் மறுபடி முளைக்கும். மறுபடி அடிப்பார்கள். அதற்குச் சுற்று என்று பெயர். சுற்று வராவிட்டால் வேலை ஏது? அத்தனை வருடத்தில் லாலான் வேரோடு செத்து அவன் பார்த்ததில்லை. செத்தது என்றால் சிவந்தது என்றுதான் அவனுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாளும் பச்சை. ஆறாம் நாள் சற்று மங்கலாகத் தெரிந்தது. அது வெயிலா மருந்தா என்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பச்சையாகத்தான் இருந்தது.

*

லயத்தின் கடைசி வீட்டில் ஐயாவு இருந்தான். தோட்டத்தில் உடையப்பனோடு ஒரே கேங்கில் பம்பு சுமந்தவன். அவன் வந்து புல்லைப் பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"தண்ணி லா இது, மச்சான்."

"பாய் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"பாய் நல்லவருதான். பாய்க்குக் குடுத்தவன் யாரு? கலர் தண்ணிய அடைச்சிக் குடுத்திருப்பான். மிச்சம் இருந்தா மூஞ்சி கழுவு, பளபளன்னு இருப்ப."

"கை வைக்கக் கூடாதுன்னாரு."

"ஆமா. கை வைச்சா தண்ணின்னு தெரிஞ்சிரும்ல?"

உடையப்பன் சிரிக்கவில்லை. ஐயாவு குரலைத் தாழ்த்தினான். தோட்டத்து ஸ்டோரைக் காலி செய்தபோது எடுத்துவந்த பாராகுவாட் அவன் வீட்டுக் கூரைக்கடியில் இருந்தது.

"தவுக்கே வந்து பச்சையப் பாத்தா என்ன சொல்லுவ? பாய் சும்மா இருக்கச் சொன்னாரு, நானும் சும்மா இருக்கேன்னா?"

உடையப்பன் பம்பைத் தேடப் போனான்.

மறுநாள் வெயில் ஏறியதும் இருவரும் பம்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தோப்பு ஓரத்தில் தொடங்கினார்கள். பழைய நடை. ஒரு கை விசையை அடிக்க, ஒரு கை குழாயை வீச, கால் தானாக நகர்ந்தது. பல நாட்களுக்குப் பிறகு உடையப்பனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஓடையை நெருங்கியபோது மங்களம் அங்கே நின்றாள். கையில் புல் அறுக்கும் அரிவாள். அவளுக்குப் பின்னால் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பக்கம் வராதீங்க."

"ஓரம் மட்டும் விட்டா எப்படி? அங்கேருந்து மறுபடி வரும்."

"வந்தா வரட்டும்."

"முதல் மருந்து இங்கயும் அடிச்சேனே. மாடு செத்துப்போச்சா?"

"நான் பால் ஊத்தப் போனப்ப அடிச்சீங்க. அதக் கேக்கவே இல்ல நான். இத விடமாட்டேன்."

ஐயாவு பின்னாலிருந்து, "அக்கா, இது மாட்டைக் கொல்லாது. மனுசனைத்தான் கொல்லும்" என்றான்.

"நீ பேசாத. எங்கப்பா தோட்டத்துல இருந்தப்ப ஒரு மருந்து அடிச்சாங்க. உப்புக் கரிக்கும். மாடு தேடிப் போயி அந்தப் புல்ல நக்குச்சி. ஒரே நாள்ல மூணு மாட்டை இழுத்துப் பொதைச்சோம். அதுவும் மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொன்னாங்க."

"அது வேற மருந்து, புள்ள."

"எல்லாம் வேற மருந்துதான். இன்னும் ஒரு அடி வந்தீங்க, பம்பைப் புடுங்கி ஓடையில போட்டுருவேன்."

"ஓடையில போட்டா மாடு குடிக்கிற தண்ணியிலதானே கலக்கும்?"

மங்களம் ஒரு கணம் யோசித்தாள்.

"அப்ப வராதீங்க" என்றாள்.

ஐயாவு சிரித்துவிட்டான். உடையப்பன் பம்பை இறக்கினான். ஓடை ஓரமாக ஒரு பட்டை அப்படியே நின்றது. அகலம் ஒரு லயத்து வீட்டளவு இருக்கும்.

*

மறுநாள் எல்லாம் சிவந்தது. ஓடை ஓரம் மட்டும் பச்சை.

வோங் தவுக்கே வந்தார். காலால் புல்லை மிதித்துப் பார்த்தார். அது நொறுங்கியது. பாகுஸ், பாகுஸ் என்றார். நல்லது, நல்லது. ஒரு சிகரெட்டை எடுத்து உடையப்பனிடம் நீட்டினார். ஓடை ஓரத்துப் பச்சையைக் காட்டி அது என்ன என்றார். மனைவி பயப்படுகிறாள் என்றான் உடையப்பன். தவுக்கே தலையாட்டினார். அது என் தோப்பிலிருந்து தூரம்தான், பிறகு பார்க்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் ஐயாவு ஒரு கறுப்பு பீர் போத்தலோடு வந்தான். இருவரும் வாசல் படியில் குடித்தார்கள்.

"பாய் மருந்து வேலை செஞ்சிச்சா, நம்ம மருந்து வேலை செஞ்சிச்சா?" உடையப்பன் கேட்டான்.

"இதுல என்ன சந்தேகம்?"

"முன்னாடியே உள்ள எறங்கியிருந்தா?"

"எறங்கட்டும். ரெண்டும் சேர்ந்தா இன்னும் பலம்தானே. ஒரு ஆளு தூக்குறத ரெண்டு ஆளு தூக்குனா?"

அது சரியாகத்தான் பட்டது.

ஒரு வாரம் கழித்து மழை பெய்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. மழை விட்ட காலையில் மங்களம் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

சிவந்த சருகுக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் பச்சை எழுந்திருந்தது. எண்ண முடியாது. செவலை மாடு அந்த இளங்குருத்தை ஆசையாகக் கடித்துக்கொண்டிருந்தது.

"நல்லதா கெட்டதா?" மங்களம் கேட்டாள். "மாடு திங்குதே."

உடையப்பன் குனிந்து ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கையால் மண்ணைத் தோண்டினான். உள்ளே வேர் வெள்ளையாக, ஈரமாக, கரும்புக் கணு போலக் கணுக்கணுவாக ஓடியது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை.

"குருத்தா இருக்கிற வரைக்கும் திங்கும்" என்றான். "அப்புறம் திங்காது. தவுக்கே அதுவரைக்கும் விடமாட்டாரு."

பிறகு ஓடைப் பக்கம் திரும்பினான். அங்கே பச்சையைக் காணோம்.

ஓடை ஓரப் பட்டை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. கருகவில்லை. எரியவில்லை. வயதாகிப் படுத்தது போல இருந்தது. அங்கே ஒரு குருத்துகூட எழவில்லை. உடையப்பன் அங்கேயும் தோண்டினான். வேர் பழுப்பாக இருந்தது. மடக்கினால் உடைந்தது. மண்ணின் மேல் மாட்டுப்புல் பாயைப் போலப் படரத் தொடங்கியிருந்தது.

அவன் வெள்ளை வேரை ஒரு கையிலும் பழுப்பு வேரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க?"

"இங்க அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே செய்யலையே."

*

ஐயாவு வந்து பார்த்தான். "ஓடைத் தண்ணி ஏறிருக்கும். வேர் அழுகிப்போச்சு."

"நாலு வருசமா ஏறுது. அப்ப அழுகல?"

"இந்த வருசம் ஜாஸ்தியா ஏறிருக்கும்."

மங்களம், "மாடு கட்டுற எடம். மூத்திரம் பட்டா எதுதான் நிக்கும்?" என்றாள்.

உடையப்பனுக்கு வேறொன்று தோன்றியது. ஓடைப் பக்கம் அடித்தபோது பம்பில் கடைசி மருந்து. அடியில் தங்கியது கெட்டியாக இருந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். பிறகு, அன்று தொடங்கியதே ஓடைப் பக்கம்தானோ என்று சந்தேகம் வந்தது. ஞாபகம் வரவில்லை.

முத்து முகம்மதுவிடம் போனான். அவர் தராசில் தவிடு நிறுத்துக்கொண்டே கேட்டார். பாராகுவாட்டைப் பற்றிச் சொன்னதும் தராசை விட்டார்.

"அதுக்கு மேலயா அடிச்சீங்க?"

"ஆமா."

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனே, அண்ணே."

"கை வைக்கல. மருந்துதான் அடிச்சேன்."

முத்து முகம்மது தவிட்டுக் கையைத் தட்டினார். "வெட்டுறதும் ஒண்ணுதான், கருக்குறதும் ஒண்ணுதான். இலை வழியாத்தானே எறங்கணும்? இலையைக் கொன்னுட்டீங்க. அப்புறம் எப்படி எறங்கும்? ஓடைப் பக்கம் விட்டுட்டீங்க, எறங்கிருச்சு."

"அப்ப ரெண்டு மருந்து பட்ட எடம் சாவல. ஒரு மருந்து பட்ட எடம் செத்துருச்சு."

"ஆமா."

"அது எப்படி பாய்?"

"அதான் சொன்னேன்ல?"

"ஐயாவு தண்ணி ஏறுச்சுங்கறான்."

"அதுவும் இருக்கலாம்." அவர் மறுபடி தராசைப் பிடித்தார். "நான் என்ன வேருக்குள்ள போயா பாத்தேன்? வேன்காரன் சொன்னதச் சொல்றேன்."

மிச்சம் ஒரு போத்தல் இருந்தது. வாங்கிக்கொண்டான். இலை நன்றாக விரிந்த பிறகு அடிக்கச் சொன்னார். குருத்தில் அடித்தால் வீண் என்றார். லாலானை அழிக்க முதலில் லாலானை வளர விட வேண்டும். உடையப்பன் அதையும் கேட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

*

சீனப் பெருநாள் முடிந்த வாரம் வோங் தவுக்கே வந்தார். ஒரு பையில் மாண்டரின் ஆரஞ்சுகள் கொண்டுவந்து மங்களத்திடம் கொடுத்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். லாலான் முழங்காலுக்கு மேல் நின்றது. அவர் உள்ளே நடந்தார். உடையப்பன் பின்னால் நடந்தான். மங்களம் ஆரஞ்சுப் பையோடு அவனுக்குப் பின்னால்.

ஓடை ஓரம் வந்ததும் தவுக்கே நின்றார். மாட்டுப்புல் கணுக்காலளவு அடர்ந்திருந்தது. செவலையும் அதன் கன்றும் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. தவுக்கே அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

இங்கே என்ன செய்தாய் என்று கேட்டார்.

உடையப்பன் வாயைத் திறந்தான். முதல் மருந்துக்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பதில். அது நாக்கு வரை வந்தது. தவுக்கே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை ஒப்புக்கொண்டவன் அவன். பம்பு சுமந்து வளர்ந்தவன்.

"பிறகு இங்கேயும் அடித்தேன், இரண்டு தடவை, தவுக்கே" என்றான் மலாயில். "அங்கே ஒரு தடவைதான்."

தவுக்கே தலையாட்டினார். அப்படியானால் அங்கேயும் இரண்டு தடவை அடி என்றார். இங்கே அடித்தது போலவே.

"பொய், தவுக்கே."

மங்களம் பேசினாள். வீடு வீடாகப் பால் ஊற்றி அவளுக்கு மலாய் உடையப்பனைவிட நன்றாக வரும். இங்கே ஒரு தடவைதான் என்றாள். அங்கேதான் இரண்டு தடவை. இங்கே நான் விடவில்லை. அரிவாளோடு நின்றேன். இவர் சொல்வதைக் கேட்டு இரண்டு தடவை அடித்தால் மறுபடி முளைக்கும். மாடுகளுக்கு இருப்பது இந்த இடம் ஒன்றுதான்.

தவுக்கே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அதிகம் அடித்த இடத்தில் முளைக்கிறது. குறைவாக அடித்த இடத்தில் சாகிறது?"

"ஆமாம்."

"ஏன்?"

மங்களம் உடையப்பனைப் பார்த்தாள். உடையப்பன் ஓடையைப் பார்த்தான்.

தவுக்கே தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அவர் பெற்றோரின் கல்லறையைச் சுத்தம் செய்யும் மாதம் ஏப்ரல். அதுவரை பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் முடியாது, டிராக்டர்காரனுக்குச் சொல்லிவிட்டேன் என்றார்.

அவர் கார் போன பிறகு இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"வெளியாளு முன்னாடி இப்படியா பேசுவ?"

"மாட்டைப் பத்திப் பேசுனேன்."

"என்னப் பொய்யன்னு சொன்ன."

"பொய்தானே சொன்னீங்க?"

"ஒண்ணும் செய்யலன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. வேலைன்னு ஒத்துக்கிட்டு, இங்க நல்லா வந்துருக்கு, நான் ஒண்ணும் செய்யலன்னு ஒரு ஆம்பள எப்படிச் சொல்லுவான்?"

மங்களம் ஓர் ஆரஞ்சை உரித்தாள். பாதியை அவனிடம் நீட்டினாள்.

"நான் சொன்னேன்ல," என்றாள். "எனக்கு ஒண்ணும் ஆவலையே."

*

மார்ச்சில் இலை விரிந்ததும் பாயின் மருந்தை அடித்தான். தனியாக அடித்தான். ஐயாவுவைக் கூப்பிடவில்லை. அன்று மாலை லேசாகத் தூறியது. போதுமான நேரம் ஆகிவிட்டதா, மருந்து கழுவிக்கொண்டு போய்விட்டதா என்று தெரியவில்லை. முத்து முகம்மதுவைக் கேட்டான். கொஞ்சம்தானே, பரவாயில்லை என்றார். பிறகு, எவ்வளவு தூறியது என்று அவரே கேட்டார்.

மறுநாள் பச்சை. அதற்கு மறுநாள் பச்சை.

சும்மா இருப்பது அவனுக்கு வரவில்லை. காலையில் எழுந்ததும் கால் அங்கேதான் போயிற்று. போனால் கை ஏதாவது ஓர் இலையைக் கிள்ளியது. கிள்ளியபின், கை வைத்துவிட்டோமே என்று அதைக் கீழே போட்டான். மாடுகளை ஓட்டிக்கொண்டு சாலைப்பக்கம் போகத் தொடங்கினான். கவுன்சில் லாரி வருகிறதா என்று ஒரு கண், மாடு நடுரோட்டுக்குப் போகிறதா என்று ஒரு கண். அங்கேயாவது பார்ப்பதற்கு ஏதோ இருந்தது.

ஐயாவு வழியில் பிடித்தான்.

"என்ன மச்சான், மாமி மாதிரி மாடு மேய்க்கிற? புல்லு என்னாச்சு?"

"விட்டுருக்கேன்."

"பச்சையாத்தானே நிக்குது? என்கிட்ட இன்னும் கொஞ்சம் இருக்கு. ஒரு காலை வேலை. சொல்லு."

உடையப்பன் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றினான். ஒரு காலை வேலை. மறுநாள் எல்லாம் சிவந்திருக்கும். தவுக்கே மிதித்துப் பார்ப்பார். நொறுங்கும்.

"வேணாம்."

"ஏன்?"

"தெரியல. வேணாம்."

"பொண்டாட்டிக்குப் பயம்."

"ஆமா," என்றான் உடையப்பன். அது சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

*

வோங் தவுக்கே சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். பின்னால் ஒரு லாரி. லாரி நிறைய சிமெண்டுத் தூண்கள், சுருட்டிய முள்கம்பி.

லாரிச் சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உடையப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினான். மங்களம் சாணிக் கையோடு வந்தாள்.

நிலம் மஞ்சளாகத் தெரிவது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. தோப்பு ஓரத்தில் இலைகள் கொஞ்சம் வெளுத்திருந்தன. நடுவில் பச்சை. ஒரு வாரமாக மழை இல்லை. காய்ந்தால்கூட அப்படித்தான் வெளுக்கும்.

தவுக்கே நிலத்தைப் பார்த்தார்.

"சாகிறதா?" என்றார்.

"தெரியாது, தவுக்கே."

"அடித்தாயா?"

"அடித்தேன். ஒரு தடவை."

"இப்போது என்ன செய்கிறாய்?"

உடையப்பன் மங்களத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் பேசவில்லை.

"ஒன்றும் செய்யவில்லை," என்றான். "கை வைக்காமல் இருக்கிறேன்."

லாரி டிரைவர் சிரித்தான். அவனுக்கும் மலாய் தெரியும். தவுக்கே சிரிக்கவில்லை.

"சாகும் என்று சொல்கிறாயா?"

"ஓடைப் பக்கம் செத்தது. ஏன் செத்தது என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் ஒன்று சொல்கிறார். என் கூட்டாளி ஒன்று சொல்கிறான். அங்கே செய்ததை இங்கே செய்தேன். அங்கே செய்யாததை இங்கேயும் செய்யவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இவ்வளவு மலாயை அவன் ஒரே மூச்சில் பேசியதில்லை.

தவுக்கே லாலானுக்குள் கொஞ்ச தூரம் நடந்தார். குனிந்தார். ஓர் இலையைப் பிடித்தார். இழுக்கவில்லை. விட்டுவிட்டார். திரும்பி வந்து டிரைவரிடம் கந்தோனீஸ் சீன மொழியில் ஏதோ சொன்னார். டிரைவர் ஏதோ திருப்பிச் சொன்னான். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். டிரைவர் கையை விரித்தான்.

பிறகு தூண்களை இறக்கினார்கள். லயத்து ஓரத்தில் அடுக்கினார்கள். கம்பிச் சுருளை இறக்கவில்லை. அது லாரியிலேயே இருந்தது.

தவுக்கே காரில் ஏறும் முன் உடையப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னார். கார் முன்னால் போயிற்று. லாரி கம்பியோடு பின்னால் போயிற்று.

"என்ன சொன்னாரு?" மங்களம் கேட்டாள்.

"தூண் இங்க கெடக்கட்டும்னாரு."

"அப்படின்னா வேலி போடுவாரா, மாட்டாரா?"

"கெடக்கட்டும்னாரு, அவ்வளவுதான்."

"கம்பிய ஏன் எறக்கல?"

"கேக்கல."

"கேட்டுருக்கலாமே."

"கேட்டா எறக்கிட்டா?"

அவள் சாணிக் கையைப் புல்லில் துடைத்தாள். லாலானில் துடைக்கிறோம் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இலை முறியவில்லையே என்று ஒருமுறை பார்த்தாள்.

ஓடைப் பக்கத்திலிருந்து செவலை ஏறி வந்தது. புதிதாக ஏதோ கிடக்கிறது என்று தூண்களைப் போய் முகர்ந்தது. மேலே கிடந்த தூணில் கழுத்தை வைத்துத் தேய்த்தது. தூண் அசைந்து உருண்டது. செவலை ஓர் அடி பின்வாங்கியது. தூண் நின்றதும் மறுபடி கழுத்தைக் கொண்டுபோனது.